இருபது பங்கு எத்தனால், மீதி பயம்

சந்தாபுராவில் வந்து இறங்கிய மறுநாள் காலை, கார் சாவியை என் கையில் கொடுக்கும்போது அண்ணன் சொன்ன முதல் வாக்கியம் இது: "ஸ்டெல்லா, பெட்ரோல் பத்தி உங்கிட்ட கொஞ்சம் பேசணும்."

நான் மஸ்கட்டிலிருந்து வந்தது பெட்ரோல் பற்றிப் பேசுவதற்காக அல்ல. அண்ணன் ஆரோக்கியத்துக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்றரை வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்த இடம் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஆஸ்பத்திரி, வீட்டிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். இதுவரை காரை ஓட்டிப்போன மகன் டேவிட்டை, அவன் கம்பெனி மூன்று வாரப் பயிற்சிக்குப் புனேவுக்கு அனுப்பிவிட்டது. அண்ணி பிலோமினாவுக்கு ஓட்டத் தெரியாது. டாக்சியை நம்ப முடியாது. சிவாஜிநகர் என்றதும் பாதிப் பேர் ரத்து செய்துவிடுகிறார்கள், டயாலிசிஸ் முடிந்து தலைசுற்றலோடு வரும் ஆளைப் பார்த்து மீதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். நான் மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். அங்கே பல வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

"பெட்ரோல்ல இன்னா பேசணும்?" என்றேன்.

"இப்போ வர்றது பழைய பெட்ரோல் இல்லம்மா. நூத்துக்கு இருபது சாராயம் கலக்குறான். நம்ம வண்டி பதிமூணு வருஷ வண்டி. பத்து வரைக்கும்தான் தாங்கும்னு புக்குல போட்டுக்கீது. ரப்பர் எல்லாம் ஊறிப்போவும், பம்பு போய்டும், நடுரோட்டுல நின்னுடும்." கைப்பேசியை நீட்டினான். வீடியோவில் ஒருவர் நீல நிற டிரம் முன்னால் நின்று ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். அடுத்ததில் இன்னொருவர். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு நாற்காலியில் கை அசைக்காமல் சாய்ந்திருக்கிற மனிதனுக்கு வேறு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி சமையலறையிலிருந்து சொன்னாள்: "இவரு குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. இவரு உட்டுட்டாரு, வண்டி ஆரம்பிச்சிடுச்சு."

அண்ணன் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை ஓசூர் ரோட்டில் ஒரு பங்கில் பெட்ரோல் போடப் போனேன். மஸ்கட்டில் பங்குக்குப் போனால் ஆக்டேன் எண் மட்டும்தான் சொல்வோம். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றைந்து, காருக்கு எது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், பிறகு வாழ்நாளில் அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. இங்கே பம்பின் மேல் ஓர் ஒட்டுத்தாள், இருபது சதவீதம் எத்தனால் கலந்தது என்று. பெட்ரோல் போடும் பெண்ணிடம் பழைய வண்டிக்கு இது ஆகுமா என்று கேட்டேன். அவள் கன்னடத்தில் சொன்னதன் பொருள்: "எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், என் ஸ்கூட்டிக்கும் இதுதான்." பின்னால் மூன்று வண்டிகள் ஹார்ன் அடித்தன. போடச் சொல்லிவிட்டேன்.

திரும்பும் வழியில் எனக்குத் தெரிந்த வேதியியலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எத்தனால் எரியும்போது பெட்ரோலைவிடக் குறைவான சூடுதான் தரும். அதனால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். இன்ஜினில் தட்டும் சத்தம் இல்லாமல் எரியும், அது நல்லது. புகை குறைவு, அதுவும் நல்லது. ஆனால் தண்ணீரைக் கண்டால் இழுத்துக்கொள்ளும். பழைய ரப்பரை உப்ப வைக்கும். டேங்கின் அடியில் பல வருஷமாகப் படிந்திருக்கும் அழுக்கைக் கிளப்பிவிடும். அண்ணன் சொன்னதில் பாதி சரி என்பதுதான் எனக்குத் தொல்லையாக இருந்தது. முழுப் பொய் என்றால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை முதல் பயணம். பதினொரு மணிக்கு மெஷினில் உட்கார வேண்டும்; எட்டரைக்கே கிளம்பிவிட்டோம். அண்ணி ஒரு தட்டு இட்லி வாங்கி வைத்திருந்தாள், எனக்கு மட்டும். அண்ணனுக்குத் தனிச் சமையல். காய்கறியை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து. வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது. குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. தட்டு இட்லியைச் சட்னியில் முக்கிச் சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. "சாப்டு சாப்டு, நான் பார்த்துக்கினு இருக்கேன்" என்றான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது தட்டை அல்ல, ஜன்னலுக்கு வெளியே நின்ற காரை.

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறும்வரை வண்டி ஒழுங்காகத்தான் போனது. மேலே ஏறியதும் ஒரு சின்ன உதறல். வழியில் தெரிந்தவர் தோளைத் தட்டிவிட்டுப் போனமாதிரி. அண்ணன் உடனே என்னைப் பார்த்தான். நான் சாலையைப் பார்த்தேன். சில்க் போர்டு சிக்னலில் நின்றபோது இன்ஜின் நடுங்கியது. பைக்கில் வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். "மேடம், உங்க வண்டி பொகை விடுது. நீலமா வருது."

"கேட்டியா?" என்றான் அண்ணன்.

"பழைய வண்டின்னா பொகை வரும்."

"அந்தப் பெட்ரோல்தான்."

போய்ச் சேர்ந்துவிட்டோம். அவன் மெஷினில் இருந்த நான்கு மணி நேரத்தில் நான் சிவாஜிநகர் மார்க்கெட்டில் நடந்தேன். துணிக்கடை, கறிக்கடை, கத்தரிக்கோல் சாணை பிடிக்கிறவர், வண்டி உதிரி பாகங்கள் விற்கும் சந்துகள். ஒரு டீக்கடையில் பன்னும் டீயும் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்பது இப்போது நினைவிருக்கிறதே தவிர, ருசி நினைவில் இல்லை. திரும்ப அந்த மேம்பாலத்தில் ஏற வேண்டுமே என்பது மட்டும் நெஞ்சில் கிடந்தது.

மேம்பாலத்தில் ஒதுங்குவதற்கு இடம் சில இடங்களில்தான் உண்டு. நடுவில் நின்றால் நின்றதுதான்.

புதன்கிழமை காலை சந்தாபுராவிலேயே நாகராஜ் என்ற மெக்கானிக்கிடம் காட்டினேன். பானெட்டைத் திறந்தார், ஒரு ரப்பர் பைப்பைக் கழற்றி விரலால் அமுக்கிக் காட்டினார். உண்மையிலேயே அது உப்பி, மெத்தென்று இருந்தது. கன்னட வாடை அடிக்கும் தமிழில் சொன்னார்: "நோடி மேடம், இதுதான் எத்தனால் மாடுற வேலை. பழைய வண்டிக்கு ஆகல்ல. நூறு நம்பர் பெட்ரோல்னு ஒண்ணு இருக்கு, அதுல எத்தனால் இல்லன்னு சொல்றாங்க. ரேட் ஜாஸ்தி. எல்லாப் பங்க்லயும் சிக்கல்ல, கிடைக்காது. அது போட்டு ஓட்டுங்க. பைப் நான் வரவழைச்சுத் தர்றேன், சனிக்கிழமை ஆகும்." கழற்றியபோது வழிந்த பெட்ரோலை நான் ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பைப்பை மறுபடி மாட்டி கிளிப்பை இறுக்கினார்.

நூறு நம்பர் கிடைக்கும் பங்கைத் தேடி, நகரத்துக்கு எதிர்த்திசையில் நெடுநேரம் அலைந்தேன். முதல் பங்கில் தீர்ந்துவிட்டது என்றார்கள். இரண்டாவதில் என் காரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்கா?" என்று கேட்டார்கள். பெரிய பெரிய பைக்குகள் வரிசையில் நின்ற இடம் அது. போட்டுக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மருந்துக்கடையில் கோடு போட்ட கண்ணாடிப் பால்புட்டி ஒன்று வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால், அடுப்புக்கும் விளக்குக்கும் தூரத்தில், பிடித்து வைத்த பெட்ரோலை நூறு மில்லி கோடு வரைக்கும் ஊற்றினேன். அதன்மேல் ஐம்பது மில்லி தண்ணீர். மூடிக் குலுக்கி வைத்தேன். ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு இதே மாதிரிதான் காட்டுவோம். பெட்ரோலோடு தண்ணீர் சேராது; ஆனால் அதில் இருக்கும் எத்தனால் மட்டும் கழன்று தண்ணீர்ப் பக்கம் போய்விடும். சற்று நேரத்தில் அடியில் தண்ணீர் தெளிந்து நின்றது. ஐம்பதில் இருந்த மட்டம் எழுபதை ஒட்டி ஏறியிருந்தது.

அண்ணன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தியா, கரெக்டா இருபது" என்றேன். அளவு சொன்னபடிதான் இருக்கிறது, கலப்படம் ஏதுமில்லை என்பதுதான் என் மனதில் இருந்தது.

அவன் பார்த்தது வேறு. "தண்ணிய எப்படி இழுத்துக்கினு போது பாரு" என்றான் மெதுவாக. "என் கண்ணு முன்னாலேயே."

புட்டியைக் கழுவும்போது ஒன்றைக் கவனித்தேன். பெட்ரோல் பட்ட கண்ணாடி சட்டென்று காய்ந்துவிடும். இது காயவில்லை. உள்ளே வழுவழுவென்று ஒரு படலம். சோப்புப் போட்டு இரண்டு முறை தேய்த்தேன். யோசிக்கவில்லை. நாளைக்கு மேம்பாலம் என்ற நினைப்புதான் இருந்தது.

வியாழக்கிழமை விடிந்தபோது அண்ணன் காருக்குப் பக்கத்தில் நின்று, பெட்ரோல் மூடி இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். தூசி என்றான். அந்த நேரத்தில் அவன் எழுந்து நடமாடியதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நூறு நம்பர் போட்டிருக்கிறோம், இன்றைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். மேம்பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம். உதறல் வந்தது. இன்னொன்று. கண்ணாடியில் பின்னால் பார்த்தால் நீலப் புகை. வேகம் தானாகக் குறைந்தது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி கேட்கவில்லை. இடதுபக்கச் சுவரை ஒட்டி எப்படியோ கொண்டுவந்து நிறுத்தினேன். இன்ஜின் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் உறுமுகிறது, பிடிக்கவில்லை. பக்கத்தில் போன ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கார் ஆடியது.

மணி ஒன்பதே முக்கால்.

"நீ பதறாத" என்றான் அண்ணன். சொல்லும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது. டயாலிசிஸ் நாளன்று காலையில் உடம்பில் தண்ணீர் ஏறி நிற்கும்; அப்போது அவனால் பத்து எட்டுகூட வேகமாக நடக்க முடியாது. முகம் வீங்கியிருந்தது. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். ரோந்து வண்டி வருகிறது என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. டாக்சி மேம்பாலத்து நடுவில் வந்து நிற்காது. கதவைத் திறந்து இறங்கி, துப்பட்டாவைக் கழற்றி வீசிக் காட்டினேன். எத்தனை கார் போயிருக்கும் என்று தெரியாது.

நின்றது ஒரு சின்னச் சரக்கு வண்டி. பின்னால் முழுக்கக் காலித் தண்ணீர் கேன்கள். ஓட்டிவந்தவர் பெயர் மஞ்சு. அத்திப்பள்ளிக்காரர். நான் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொல்வதற்குள் அவர் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டார். "என் மாமனாருக்கும் இதுதான்" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். "எந்தக் கையில் ஊசி?"

"இடது கை. அதைப் பிடிக்காதீங்க" என்றேன்.

அவர் அண்ணனை இடுப்பில் அணைத்துத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார். அங்கே ஒருவருக்குத்தான் இடம். அண்ணன் சொன்னான்: "நீ வண்டிகிட்ட இரு, நான் இவரோட போறேன்." அந்த நேரத்தில்கூட அவனுக்குக் கார்தான். நான் கேட்கவில்லை. எச்சரிக்கை விளக்கைப் போட்டு, காரைப் பூட்டிவிட்டு, பின்னால் கேன்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தேன். ஐம்பதை நெருங்கும் வயதில், வெள்ளைச் சுடிதாரில், இரண்டு கேன்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சில்க் போர்டு இறங்கினேன். சிக்னலில் ஒரு பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓட்டுநர் அறையின் பின்பக்கக் கண்ணாடி வழியாக அண்ணனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிமிர்ந்து இருக்கும்வரை சரி.

பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். டயாலிசிஸ் பிரிவில் பொறுப்பாக இருந்த நர்ஸ், "லேட்டாயிடுச்சு அங்கிள், இன்னிக்கு மூணு மணி நேரம்தான் கொடுக்க முடியும், அடுத்தவங்க வெயிட்டிங்" என்றார். வாதாடவில்லை. ஊசி ஏறி, குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மற்றது நினைவுக்கு வந்தது. மஞ்சுவுக்கு நன்றி சொல்லக் கீழே ஓடினேன். அவர் போய்விட்டிருந்தார்.

ரோந்து வண்டிக்காரர்கள் காரைக் கீழே இறக்கியிருந்தார்கள். இழுவை வண்டி பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே கொண்டுவரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பார்த்த உதிரி பாகச் சந்துகளில் ஒன்றில் சலீம் பாய் கேரேஜ். அறுபது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் பேசுவார். நான் எத்தனால் என்று ஆரம்பித்ததும் கையை உயர்த்தினார்.

"மேடம், இப்போ எல்லாத்துக்கும் எத்தனால்னு சொல்றாங்க. ஹாரன் அடிக்கலேன்னாலும் எத்தனால். மொதல்ல பார்க்கலாம்."

ப்ளக்குகளைக் கழற்றினார். நான்கும் கறுப்பு. எண்ணெய் ஈரம் பளபளத்தது. அவர் முகம் மாறியது. "இது பெட்ரோல் விஷயம் நை. இன்ஜின் ஆயில் குடிக்குது. உள்ள ரிங் போச்சுன்னா இன்ஜினை இறக்கணும்."

"எத்தனை நாளாகும்?"

"பத்து நாள்."

பத்து நாள் என்றால் நான்கு டயாலிசிஸ். நான் அங்கே கிடந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். பாய் டீ வரவழைத்தார். பிறகு இன்ஜினின் அழுத்தத்தை ஒரு மீட்டர் வைத்துச் சோதித்தார். நான்கு சிலிண்டரும் நன்றாக இருந்தன. ஆயில் அளவுக் கம்பியைப் பார்த்தார். ஆயில் குறையவே இல்லை. "அஜீப்" என்றார், விசித்திரம் என்ற பொருளில். "ரிங் நல்லாருக்கு. ஆயிலும் கம்மியாகலை. அப்போ ப்ளக்ல இருக்கிற ஆயில் எங்கேர்ந்து வந்துச்சு?"

அப்போதுதான் எனக்குப் பால்புட்டியின் வழுவழுப்பு புரிந்தது.

"பாய், எங்க டேங்கிலேர்ந்து கொஞ்சம் பெட்ரோல் எடுங்க. உங்க பைக்லேர்ந்தும் கொஞ்சம்." ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு, பக்கத்தில் பக்கத்தில் விட்டேன். சுத்தமான பெட்ரோல் காற்றில் போய்விடும், தாளில் ஒன்றும் மிஞ்சாது. பாயின் பைக் பெட்ரோல் விட்ட இடம் கொஞ்ச நேரத்தில் வெறும் தாளாகிவிட்டது. எங்களுடையது காயவே இல்லை. வடை வைத்த காகிதம் மாதிரி வட்டமாக, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரிந்தது.

பாய் தாளை முகர்ந்தார். "டூ-டி ஆயில்" என்றார். பழைய ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவார்களே, அந்த எண்ணெய். "யாரோ வீடியோ பார்த்திருக்காங்க. எத்தனாலுக்கு இது மருந்துன்னு சொல்லிட்டு இருக்கான் ஒருத்தன். இந்த மாசத்துல நீங்க மூணாவது வண்டி."

தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மாடி ஏறினேன். ஏறும்போது அவனிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் சுடுகிற வார்த்தை.

அண்ணன் சாய்ந்து படுத்திருந்தான். தாளை அவன் முன்னால் பிரித்தேன்.

"இது உன் டேங்க் பெட்ரோல். எவ்ளோ ஊத்தினே?"

அவன் உடனே மறுக்கவில்லை. மெஷினைப் பார்த்தான். "மொதல்ல மூடி அளவுதாம்மா. ரப்பருக்கு நல்லதுன்னு சொன்னான். அப்புறம் ரெண்டு மூடி. பெட்ரோல் போடற ஒவ்வொரு தபாவும்."

"இன்னிக்குக் காலைல?"

"பாட்டில்ல பாதி."

"நூறு நம்பர்தானே போட்டிருந்தோம். அதுல எத்தனாலே இல்லன்னு சொன்னேனே."

"பழசு அடியில இருக்கும்ல. நீ நேத்து காட்டினியே, அது தண்ணிய இழுக்கிறத. ராத்திரி எல்லாம் அதுதான் கண்ணுல நின்னுச்சு."

தாளை மறுபடி மடித்துப் பையில் வைத்தேன். ஏற்கெனவே கறுத்துப்போயிருந்த ப்ளக்குகளை நிறுத்துவதற்கு அந்தப் பாதி பாட்டில் போதுமானதாக இருந்திருக்கிறது. அதை ஊற்ற வைத்தது நான் காட்டிய பால்புட்டி.

"டேவிட் புது வண்டி எடுக்கலாம்னு சொல்லிக்கினு இருக்கான்" என்றான் அவன். "அவனுக்குக் கல்யாணம் ஆவணும், வூடு பார்க்கணும். எனக்காக இன்னாத்துக்கு வண்டி? இது நான் இருக்கிற வரைக்கும் ஓடினா போதும்னு நெனச்சேன். இது நின்னா நானும் நின்னுடுவேன் ஸ்டெல்லா. அதுக்குத்தான்."

ரத்தம் வெளியே போய் வருவதால் டயாலிசிஸில் குளிரும். அவன் காலில் போர்வை விலகியிருந்தது. இழுத்து மூடிவிட்டேன்.

"இனிமே டேங்க்ல எதாவது ஊத்தணும்னா என்னைக் கேட்டுட்டு ஊத்து."

"சரிம்மா."

"நானும் இனிமே உனக்குப் பாடம் நடத்த மாட்டேன்."

நர்ஸ் வந்து, "அங்கிள், பிரஷர் ஏறுது, பேசாம படுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் சலீம் பாய் கேரேஜில். டேங்கைக் காலி செய்து கழுவினார். நான்கு ப்ளக்கும் புதிது. உப்பிப்போன பைப்புகளை மாற்றும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது மட்டும் எத்தனால் வேலைதான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இதனால வண்டி நிக்கலை. இன்னும் ஆறு மாசம், ஒரு வருஷம் போனா லீக் ஆகியிருக்கும். இப்போ எத்தனால் தாங்குற பைப் போட்டாச்சு."

"எதைப் போடட்டும் பாய், சாதாவா, நூறா?"

அவர் யோசித்துப் பேசினார். "நூறு போட்டா மனசுக்கு நல்லாருக்கும். உங்க இன்ஜினுக்கு அந்த நம்பர் தேவையே இல்லை. சாதா போட்டா மைலேஜ் கொஞ்சம் கொறையும், அது நெஜம். ரப்பரை வருஷம் ஒருதடவை பார்க்கணும், அதுவும் நெஜம். மாசக்கணக்கா நிறுத்திவைக்கிற வண்டியா இருந்தா நானே நூறு போடுங்கன்னு சொல்வேன். வாரம் மூணு நாள் ஓடுற வண்டிக்கு வேணாம்."

சனிக்கிழமை காலை சாதாப் பெட்ரோலே போட்டேன். அந்த மேம்பாலத்தில் அன்று என் காதெல்லாம் இன்ஜினில்தான் இருந்தது. சாலையில் ஒரு இணைப்புப் பட்டையில் டயர் தட்டினால்கூட எனக்கு உயிர் போய் வந்தது. அண்ணன் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி சாவியை எடுத்த பிறகு, "பொகை வரல" என்றான். அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் முழுக்கச் சாதா. மூன்றாவது வாரம், ஆசை விடவில்லை, நூறு நம்பர் போட்டுப் பார்த்தேன். ஓட்டுவதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெட்ரோல் முள் இறங்குவது மட்டும் கொஞ்சம் மெதுவாக இருந்தது போலத் தோன்றியது. அந்த வாரம் பள்ளி விடுமுறையால் போக்குவரத்தும் குறைவு, ஆகவே சத்தியம் செய்ய மாட்டேன். அந்தப் பங்குக்குப் போய்வர ஆன நேரத்தில் அண்ணி இரண்டு வேளை சமையலை முடித்திருந்தாள். தினசரி ஓடும் வண்டிக்கு எது என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், பழைய வண்டி என்றால் முதலில் பைப்பை மாற்றுங்கள், பிறகு கிடைப்பதைப் போட்டு ஓட்டுங்கள் என்பேன். ஒரு கேள்வி மட்டும் உள்ளுக்குள் ஆறவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவனிடம், உன் வண்டிக்கு இது ஆகுமா, என்ன மாற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், அவன் ஏன் வீடியோவை நம்பப் போகிறான்?

வியாழக்கிழமை மேம்பாலத்தில் நின்ற அரை மணி நேரத்தை அண்ணியிடம் முழுவதும் சொன்னது கடைசி வாரத்தில்தான். கேட்டுக்கொண்டே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். "டேவிட் இல்லேன்னா நீ, நீ இல்லேன்னா யாருன்னு எத்தினி நாளைக்கு? எனக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

"இன்னாது?"

"காரு."

மறுநாளே கற்பவருக்கான லைசென்ஸுக்கு எழுதிப் போட்டாள். நான் மஸ்கட் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து, லேஅவுட்டின் கடைசியில் இன்னும் வீடு கட்டாத மனைகளுக்கு நடுவே இருந்த காலி ரோட்டுக்குக் காரைக் கொண்டுபோனோம். பூசைக்குக் கட்டின பட்டுப் புடவையை முழங்கால்வரை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணி ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். நான் பக்கத்தில். அண்ணன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

முதல் கியர் போட்டாள். வண்டி நாலு அடி நகர்ந்தது, பயங்கரமாக ஒரு குலுக்கு குலுக்கி, நின்றுவிட்டது.

எனக்கு அந்த மேம்பாலம் கண்முன் வந்துபோனது. அண்ணி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தாள். "நான் ஒண்ணும் பண்ணல" என்றாள் மெல்லிய குரலில். "பெட்ரோலா?"

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க, இடது கையை வலது கையால் பத்திரமாக அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"கிளட்ச்ச டக்குனு உட்டுட்ட பிலோ" என்றான். "மறுபடி போடு."